அங்கம்மாவின் தாளில் சாட்சி இல்லை

1

இந்தக் கதை நானாகத் தேடிப் போனதல்ல. கனடாவில், பிறம்ரன் வெயர்ஹவுஸில் என்னோடு பெட்டி அடுக்கும் சுபாங்கி கொண்டுவந்தது. அவள் தென்னாபிரிக்காவின் டர்பனில் பிறந்தவள். தமிழ்ப் பரம்பரை, பேச்சு ஆங்கிலம். அவளுடைய பூட்டியின் தாய் அங்கம்மா நேட்டாலுக்குக் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலியாகப் போனவள். காய்ச்சலோடு வெட்டவைத்தார்கள் என்று கூலிகளுக்கான அதிகாரியிடம் முறையிட்டிருக்கிறாள். அந்த முறையீட்டைப் பதிந்த ஒற்றைத் தாளின் படத்தைச் சுபாங்கி போனில் வைத்திருக்கிறாள்.

(வாசகருக்கு: பிரித்தானியரின் அந்தக் காலனியில் தோட்டத்தை விட்டு வெளியேற முதலாளி தரும் அனுமதித் துண்டு வேண்டும். முதலாளிமேல் முறையிடப் போவதற்கும் அவரிடமே துண்டு கேட்கவேண்டும். சிரிக்கவேண்டாம். அங்கம்மா கேட்காமலே நடந்தாள்.)

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: 'விடியும் முன்பே மேற்பார்வைக்காரனின் சவுக்கு அங்கம்மாவின் முதுகில்—'

என் மனைவி றோசலின் அதோடு நிறுத்தினாள். தாளில் சவுக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"உது உங்கட பழைய கேஸ் எழுத்தப்பா. காயம் இல்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம் எண்டு எழுதுறியள்."

உண்மைதான். தொண்ணூறுகளில் சென் ஜேம்ஸ் ரவுணில் அகதிக் கோரிக்கைகள் எழுதிக் கொடுத்தவன் நான். இரண்டு அடி வாங்கியவருக்கு நாலாகக் கூட்டி எழுதுவேன். உண்மையிலேயே அடிபட்ட ஒருவரின் கேஸ் நான் சேர்த்த பொய்யால் விழுந்தது. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சவுக்கை வெட்டிவிட்டேன்.

3

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போன மாதம் சுபாங்கியின் கை பெட்டிகளுக்குக் கீழே நசிந்தது. வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார் சுப்பவைசர். அவளுடைய வேலை பெர்மிட் அந்த ஒரு முதலாளிக்கு மட்டும்; வேலை போனால் பெர்மிட்டும் போச்சு. ஆனாலும் முறைப்பாடு எழுதிவிட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். சாட்சிக் கையெழுத்துக் கேட்டு அந்தத் தாளை என்னிடம் தந்தாள். முதலில் உன் அங்கம்மாவின் கதையை முடிக்கிறேன் என்று நழுவினேன்.

4

முடிவு அ: அங்கம்மாவை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள்.

முடிவு ஆ: துண்டில்லாமல் வந்ததற்குச் சிறை.

முடிவு இ: அவள் திரும்பிப் போகும் வழியில்—

(தெரியாது. சுபாங்கிக்கும் தெரியாது.)

தெரிந்தது தாளின் கடைசி வரிதான். பார்த்தவர்கள் யார் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். 'எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் வரமாட்டார்கள்' என்றிருக்கிறாள். அதற்குக் கீழே வெறும் இடம்.

இதை றோசலினுக்கு வாசித்துக் காட்டினேன். என் வேலையும் போகலாம் என்றேன்.

"போனாப் போகட்டும். நீங்கள் கதையை வைச்சிட்டு சுபாங்கியின்ர தாளை எடுங்கோ."

5

அங்கம்மாவின் முடிவு உங்களிடம். எதை எழுதினாலும் சவுக்கு மட்டும் சேர்க்கவேண்டாம், காய்ச்சலே போதும்.

சுபாங்கியின் தாளிலும் ஒரு வெறும் வரி இருந்தது. அதை உங்களிடம் தரமாட்டேன்.

சாட்சி: நீக்கிலாஸ் அமிர்தநாதர். பார்த்தேன். வருவேன்.