சனிக்கிழமை பறித்த மொட்டுகள்

அசோகன் அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தான். பஞ்சர் ஒட்டக்கூடத் தெம்பில்லை. ஜெர்மனியின் எர்லாங்கனுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஆராய்ச்சிக் கட்டுரையைப் பேராசிரியர் மூன்றாவது முறையாகத் திருப்பிக் கொடுத்திருந்தார். அது போதாதென்று, ஜூன் முப்பதோடு வீட்டு ஒப்பந்தம் முடிகிறது.

ஏற்கெனவே நான்கு வீடு மாறியாயிற்று. அடுத்ததற்கு இருபது இடங்களில் கேட்டுப் பார்த்துவிட்டான். தொலைபேசியில் தன் பெயரைச் சொன்னதும், எல்லா வீடுகளும் அன்று காலையில்தான் வாடகைக்குப் போயிருந்தன.

மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரி லிண்ட்னர் அம்மாள் எழுபத்திரண்டு வயது விதவை. இதயக் கோளாறுக்காக ஏப்ரலில் பாம்பெர்க் ஆஸ்பத்திரிக்குப் போனார். "ஒப்பந்தத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். அதுவரை செடியைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

செடி, தோட்டத்து அஸேலியா. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாய் நிற்கும். மைனஸ் இருபது டிகிரியையும் தாங்கி, மே மாதம் மஞ்சளாகப் பூக்கும். தெருமுனை வரை மணக்கும் என்று நர்சரிக்காரன் சொன்னதை நம்பி, லிண்ட்னர் அம்மாளின் கணவர் வாங்கி நட்டது. நட்ட வருடமே கணவர் போய்விட்டார். ஏழு வருடமாக ஒரு பூ இல்லை. வீடு கட்டியபோது கொட்டிய சுண்ணாம்புக் காரை மண்ணுக்குள் கிடந்தது போன இலையுதிர்காலத்தில்தான் தெரிந்தது. அந்தச் செடிக்குச் சுண்ணாம்பு ஆகாது. வேர் அறுபடாமல் செடியைத் தூக்கி, குழியில் சதுப்பு நிலத்துக் கறுப்பு மண்ணை நிரப்பியவன் அசோகன். குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு உண்டு என்பதால், பீப்பாயில் மழைநீர் பிடித்து ஊற்றியவள் அவன் மனைவி கிரிஜா. இந்த வசந்தத்தில் கிளை நுனியெல்லாம் மொட்டு.

சமையலறை மேசையில் ஈரத்துண்டு ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"என்ன அது?"

"மொட்டுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்ல. அந்தம்மாவுக்கு ரெண்டு முழம் கட்டி வச்சிருக்கேன். விடியறதுக்குள்ள விரிஞ்சுரும். ரூம் பூரா மணக்கும்."

"எல்லாத்தையுமா பறிச்ச?"

"ஏழு வருஷமாக் காத்திருக்காங்க. அதுல கஞ்சத்தனம் பண்ணணுமா? ஜூன் வரைக்கும் டாக்டர் விடமாட்டாராம், லெட்டர் போட்டிருக்காங்கல்ல. அதுக்குள்ள செடியில பூவே இருக்காது."

அசோகனுக்கும் அதில் தவறு எதுவும் தெரியவில்லை. இருவருமே மதுரையில் வளர்ந்தவர்கள். மல்லிகையைச் சாயங்காலம் மொட்டாகப் பறித்து, கட்டி, ஈரத்துணியில் வைத்தால் தானாக விரியும். மொட்டு என்றால் அப்படித்தான். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

ஞாயிறு காலையில் கிரிஜா துண்டைப் பிரித்தாள். ஒரு மொட்டுகூட விரியவில்லை. நுனி பழுப்பேறி, விளக்குத் திரி மாதிரி சுருண்டு கிடந்தன. வெந்நீர் ஆவியில் காட்டிப் பார்த்தாள். இன்னும் துவண்டதுதான் மிச்சம்.

"மல்லின்னு நெனச்சியா?" என்றான் அசோகன்.

"நீங்க நேத்தே சொல்லியிருக்கலாம்ல? பெரிய சயின்டிஸ்ட்."

"என் சப்ஜெக்ட் டிரான்ஸிஸ்டர்."

"அதுல மொட்டு விரியாதுன்னு எங்கயும் வராதாக்கும்?"

ரயிலில் பாதி வழியில் அசோகன் மெல்ல ஆரம்பித்தான். "முதல்ல லீஸ்ல கையெழுத்து வாங்கிருவோம். இதை அப்புறமா லெட்டர்ல எழுதிக்கலாம்."

"எப்படியும் தெரியத்தானே போகுது? அதுக்கப்புறம் தினமும் அவங்க மூஞ்சில முழிக்கணும். என்னால முடியாதுங்க."

அவனுக்கு வாதாடத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் கிரிஜா சரத்தை லிண்ட்னர் அம்மாளின் போர்வைமேல் வைத்தாள். அசோகன் ஜெர்மனில் நடந்ததைச் சொன்னான். லிண்ட்னர் அம்மாள் ஒரு மொட்டை நகத்தால் பிளந்தார். உள்ளே மஞ்சள் இதழ்கள் மடிந்து கிடந்தன. முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"உங்கள் ஊரில் பூவைத் தூங்கும்போதே பிடுங்குவீர்களா?"

"எங்க ஊர்ப் பூ பறிச்சாலும் விரியும்னு சொல்லுங்க" என்றாள் கிரிஜா. அவன் அதைச் சொன்னான்.

"நல்ல பூ. என் கணவருக்கு அப்படி ஒன்றை வாங்கத் தெரியவில்லை."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"மாடிப்படி ஏறக்கூடாது என்கிறார் மருத்துவர்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இந்தப் பூவை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டை விற்கலாம், முதியோர் இல்லத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்திருந்தேன். உங்களிடம் அதைத்தான் சொல்ல இருந்தேன்."

அசோகன், "வீட்டை விக்கப் போறாங்களாம்" என்று கிரிஜாவிடம் தமிழில் சொன்னான்.

"அவளிடம் என்ன சொன்னீர்கள்? நான் இன்னும் முடிக்கவில்லை." லிண்ட்னர் அம்மாள் இப்போது கண்ணைத் திறந்தார். "ஆகஸ்டில் அடுத்த வருட மொட்டு கட்டும். அது பூக்க மே ஆகும். இவள் செய்த வேலையால் நான் இன்னொரு வருடம் அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. எனக்கு அலுப்பாக இருக்கிறது. வாளி தூக்கவும் முடியாது. கீழ் வீட்டை எனக்கு விட்டுவிட்டு நீங்கள் மாடிக்குப் போங்கள். ஒரு வருடத்துக்கு எழுதிக்கொள்ளலாம்."

"செடிக்குப் பக்கத்தில் இருப்பதும் உங்களுக்கு நல்லதுதான்" என்றான் அசோகன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"உங்கள் மனைவியிடமிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும்" என்றார் அவர். சிரிக்கவில்லை.

திரும்பும் ரயிலில் கிரிஜா கேட்டாள். "மாடிக்கு எத்தனை படி?"

"பதினாலு."

"பீரோ ஏறுமா?"

"பிரிச்சுத்தான் ஏத்தணும்."

"அடுத்த மே மாசம் மறுபடி இறக்கணுமா?"

அசோகன் ஜன்னலில் தலையைச் சாய்த்து அதற்குள் தூங்கிப்போயிருந்தான்.