அடுப்பங்கரையில் பேட்டரி

பவுனம்மாள் கணவரின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது தம்பி திருமலை மழையில் நனைந்தபடி உள்ளே வந்தான். எத்திராஜ் விடியற்காலையில்தான் இறந்திருந்தார். அது தெரியாமல் முன்பே கடலுக்குப் போய்விட்ட கட்டுமரம் ஒன்று முகத்துவாரத்தில் கரையேற முடியாமல் தவிப்பதாகத் திருமலை சொன்னான். அதில் மூன்று பேர் இருந்தார்கள். விசைப்படகு போனால்தான் இழுத்து வரலாம். காத்திவாக்கத்துக்கே இருந்த விசைப்படகு எத்திராஜுடையது ஒன்றுதான். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து கரையில் கிடந்தது.

சாவு வீட்டில் கேட்கக் கூடாததைக் கேட்கிறவன் போல, "அக்கா, பேட்டரி..." என்றான்.

"அடுப்பாண்ட கீது. சாய்க்காம எத்தினு போ."

"மாமா படுத்து எவ்ளோ நாளாச்சு. சார்ஜ் இருக்குமா?"

"கீது. நாந்தான் ஏத்திகினு வந்தேன்."

திருமலை அவளை நிமிர்ந்து பார்த்தான்.

படகு ஓடாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார் எத்திராஜ். சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கிவிடும் என்பார். முனைகளில் பூத்த பச்சையைத் துடைத்து, தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றி, திருவொற்றியூர் சார்ஜ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். பெண்டாட்டியைக்கூட இப்படிப் பார்த்துக்கொள்ளமாட்டான் என்று ஊரில் சிரித்தார்கள். நோயில் படுத்த பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஒருநாள் பவுனம்மாளே அதை மீன்கூடையில் நிறுத்தி, ஆடாமல் கோணி செருகி, தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்ததும், கடைக்காரன் இன்னா சொன்னான் என்று கேட்டார்.

"நல்லா வெச்சிகினு கீறீங்கன்னான்."

அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

திருமலை பேட்டரியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினான். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கலாமா என்று பெண்கள் கேட்டார்கள். தூக்குகிறவர்கள் கடலில் இருக்கிறார்கள், வரட்டும் என்றாள். ஒப்பாரி மறுபடி எழுந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கரைப் பக்கமிருந்து இன்ஜின் உறுமியது.

"மொத தபாவே புடிச்சிகிச்சி," என்றாள் பக்கத்தில் இருந்தவர்களிடம். முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிற்பகலில் மூவரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் இளையவன் ரகுபதி. குளிரில் உதடு நடுங்கியது. வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் பாடைக்குத் தோள் கொடுத்தான். பெண்கள் திரும்பிவிடும் தெருமுனை வரை பவுனம்மாள் கூடவே நடந்து, அங்கே நின்றாள். உப்புநீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய அவன் விரல்கள் பச்சை மூங்கிலை இறுகப் பிடித்திருந்தன.