ராணியின் மேல்பாதி

1

இந்தக் கதை எனக்குப் போடி பஸ்சில் கிடைத்தது. முன் இருக்கையில் ஒருவர், பாயில் சுற்றிய எதையோ மடியில் கிடத்தி, வளைவுதோறும் அணைத்துப் பிடித்தார். குழந்தை என்று நினைத்தேன். பழைய சினிமாச் சுவரொட்டி! அவர் இறங்கிப் போய்விட்டார். மற்றதெல்லாம் என் கற்பனை.

வாரப் பத்திரிகை ஆசிரியரிடம் பாதிக் கதையைச் சொன்னது தப்பு. ஓவியர் அதற்குள் படம் போட்டு, அச்சுக்கு ப்ளாக்கும் தயார். படத்தில் ஒரு மலைப்பெண் கொழுகொழுவென்ற குழந்தையோடு சிரிக்கிறாள். (பக்கத்தில்தான் இருக்கும். பார்க்காதீர்கள்.) என் கதையில் குழந்தைக்கு இருமல். தாய் சிரிப்பதாக இல்லை.

2

தொடக்கம் ஒன்று: 'மேகம் கொஞ்சும் மலைச்சரிவிலே ஏலக்காய் மணம் கமழ—'

வேண்டாம். இந்த மணத்தை எழுதி எழுதி எனக்கே தும்மல் வருகிறது.

தொடக்கம் இரண்டு: 'சுந்தரராஜுக்கு மனைவியைவிட—'

இதுவும் வேண்டாம். மனைவி வந்துவிட்டால் இருபது வாரத்துக்கு இழுக்கும்.

நேராகச் சொல்கிறேன். சுந்தரராஜ் போடியில் ஏலக்காய் வியாபாரி. பழைய பேசும்படச் சுவரொட்டிகள் மீது பைத்தியம். தண்ணீரில் ஊறவைத்து, மூங்கில் சிம்பால் நெம்பி, மல் துணியில் பசை தடவி ஒட்டி, போன நிறத்தை மெல்லிய தூரிகையால் நிரப்புவார். அவரிடம் ஒரு ராணியின் கீழ்ப்பாதி இருக்கிறது: பட்டுப் பாவாடை, காலடியில் சிங்கம். படச்சுருள் தீயில் போய்விட்டது. அந்த ராணி உலகத்தில் இருந்ததற்குச் சுவரொட்டி ஒன்றுதான் சாட்சி.

மேல்பாதி, மலையில் ஓர் எஸ்டேட்டில், கூலிகள் குடியிருக்கும் லயத்து வீட்டில் இருப்பதாகத் தகவல் வந்தது. ஜீப் பிடித்து ஏறினார்.

3

மூங்கில் தட்டிச் சுவர். பூசிய மண் உதிர்ந்த இடத்தில் காற்றை அடைக்க யாரோ எப்போதோ ஒட்டிய ராணி. ஒரு காதைப் பூஞ்சை தின்றுவிட்டது. வீட்டுக்காரி மருதாயி, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் மொக்கச்சாமி எஸ்டேட்டில் களையெடுக்கப் போயிருந்தான்.

"இந்த ராணியை எனக்குக் குடு தாயி."

"ராணியைக் கொண்டு போயிருவீக. உள்ள வர்ற காத்தை யாரு கொண்டு போவா?"

"அடுத்த லோடுல தகரம் அனுப்பி அடிச்சுத் தர்றேன்."

"அப்பத் தகரத்தோட வாங்க, மொதலாளி. பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிக் கெடக்கு."

"அதுக்குள்ள பூஞ்சை மூஞ்சியைத் தின்னுரும். பாரு, ஒரு காது போயிருச்சு!"

"அதுக்குக் காதுதானே போச்சு. இதுக்கு மூச்சு."

சுந்தரராஜ் தன் சுருளை அவிழ்த்துக் காட்டினார். பாவாடையைப் பார்த்தால் மனம் இளகும் என்ற நம்பிக்கை. மருதாயி சிங்கத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தை விரலால் நெருடினாள்.

"துணி வச்சுத் தச்சதா?"

"ஒட்டினது."

"கெட்டியாத்தான் இருக்கு."

அவர் அவசரமாகச் சுருட்டிக் கயிறு கட்டினார்.

4

இங்கே நான்கு நாளாக நிற்கிறேன்.

'ஏனய்யா, ஜீப்பிலேயே தகரத்தை ஏற்றி வந்திருக்கக் கூடாதா?' என்று கேட்பீர்கள். நியாயம். சுந்தரராஜுக்குத் தோன்றவில்லை, அவருக்கு ராணி நினைப்பு. எனக்குத் தோன்றியது. இரண்டாம் பகுதிக்குப் போய், 'ஜீப் பிடித்து' என்பதற்குப் பிறகு 'தகரம் ஏற்றி' என்று இரண்டே வார்த்தை சேர்த்தால் போதும். குழந்தைக்குக் காற்று அடைபடும், ராணிக்கு இடுப்பு கிடைக்கும், உங்களுக்குக் கதை இருக்காது. கதைக்காக ஒரு பிள்ளையை இருமவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படி எழுதிய பிறகு பேனா சரியாக ஓடவில்லை.

முடிவு ஒன்று: ராணி வேடம் போட்டவள் மருதாயியின் தாய் என்று தெரியவர—

(சீ.)

முடிவு இரண்டு: அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துச் சுந்தரராஜ் சுவரை நனைக்க—

இதை எழுதிப் பார்த்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல ஆசை. ஆனால் அவர் கண் குடத்தின் மேலேயே இருந்தது. குடம் நிறையத் தண்ணீர் இருந்ததால் அவள் வெளியே போகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

5

இனி வருவதை நான் திட்டமிடவில்லை.

"நீங்க வாசலைத் தெறந்து போட்டு நிக்கிறதுல வர்ற காத்தே பெருங்காத்தா இருக்கு" என்றாள் மருதாயி. குழந்தையைப் பாயில் கிடத்தினாள். அரிவாளை எடுத்தாள். சுந்தரராஜ் பின்வாங்கினார். அவள் சுவருக்குப் போய், ராணியைச் சுற்றிக் கீறி, மண்ணோடு அப்படியே பெயர்த்து எடுத்தாள். ராணி இருந்த இடத்தில் தட்டியின் இடுக்கெல்லாம் மலை தெரிந்தது. காற்று வந்தது.

"இந்தாங்க உங்க ராணி. வெரசா இப்ப அதை ஒட்டுங்க."

"எதை?"

"கக்கத்துல வச்சிருக்கீகள்ல, கெட்டித் துணி போட்டது. அளவும் சரியா இருக்கும்."

"தாயி, அது… அந்த ரெண்டையும் சேக்கத்தானே நான்—"

"சேத்து என்ன செய்வீக?"

அவர் ராணியை ஒரு கையில் வாங்கிக்கொண்டார். ஒட்டினால், பாவாடையையும் சிங்கத்தையும் இந்த ஈரம் தின்றுவிடும். தகரம் வந்த பிறகு பிரித்தாலும் சுவரோடு பாதி போகும்.

6

தொடர்கதை எழுதுகிறவன் நான். விட்டால் இருவரையும் காப்பாற்றிவிடுவேன், காற்றையே நிறுத்திவிடுவேன். அதனால் இதை நான் முடிக்கக் கூடாது. நீங்கள் முடியுங்கள்.

சுந்தரராஜின் ஒரு கையில் மண் உதிரும் முகம். மற்றக் கை சுருளின் கயிற்றில் இருக்கிறது. அவிழ்க்கச் சொல்லப்போகிறீர்களா, இறுக்கச் சொல்லப்போகிறீர்களா? நிதானமாக யோசிக்க உங்களுக்கு ஒரு வாரம் உண்டு. பாயில் கிடக்கும் பிள்ளைக்கு இல்லை.