பிரிய வேண்டிய தையல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாபின் டப்பாவிலிருந்து வந்தது. இன்று மதியம் நூல் தேடித் திறந்தபோது, அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துணி லேபிள் கிடந்தது. போன மாதம் தங்கையின் காருக்குப் புது சீட் உறை தைத்தபோது, பழைய உறையின் பக்கவாட்டிலிருந்து நான் வெட்டியெடுத்தது. கம்பெனிப் பெயராக்கும் என்று கண்ணாடி போடாமல் வெட்டினேன். இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ‘ஏர்பேக்’ என்று இருந்தது.

வண்டி மோதினால் சீட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு காற்றுப்பை பிய்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அது வருவதற்காகவே அந்த இடத்தில் பிரிகிற மாதிரி ஒரு தையல் போட்டிருப்பார்கள். நான் அதைப் பிரியவே முடியாதபடி தைத்துக் கொடுத்திருக்கிறேன். நாலு மணிக்குத் தங்கை அந்தக் காரில் மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போவாள். இப்போது மணி மூன்றே கால். நான் செய்ய வேண்டியது ஒரு போன். செய்துகொண்டிருப்பது கதை.

2

யோசித்த தொடக்கங்கள்:

அவர் ஒரு தையல் மெஷின் வாங்கப் போனார். (எவர்? நான்தான். ஒளிந்துகொள்ள வசதியான சொல். அடித்தாயிற்று.)

கார் சீட் தைக்க மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது— (நேரம் போகிற நேரத்தில் கட்டுரை!)

மாப்பிள்ளை மட்டும் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால்— (பழிபோட ஆள் தேடும் வாக்கியம். எனக்குப் பிடித்திருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.)

3

மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், சிரித்தார்.

“எதுக்கு மச்சான் வீண் வேலை? கடையில குடுத்தா ரெண்டு நாள்ல போட்டுத் தந்துடுவான்.”

“நானே தைக்கிறேன்.”

“தலையணை உறையே உங்களுக்குக் கோணலாத்தானே வரும்!”

வீம்பு பிடித்துக்கொண்டது. மறுநாளே மெஷின் கடையில் நின்றேன். வீட்டு மெஷின் ஒன்றைக் காட்டினேன். கடைக்காரர் தலையை ஆட்டினார்.

“நாலு மடிப்பு ரெக்சின், நடுவுல ஸ்பான்ஜ். இதுல ஏறாதுங்க, ஊசி முறியும். அந்தப் பெரிசைப் பாருங்க. துணியைத் தள்ளுற கீழ்ப்பல்லு மட்டும் இல்ல, மேல அழுத்துற பாதமும் சேர்ந்து நடக்கும். துணி வழுக்காது.”

ரெக்சின் துண்டு ஒன்றை மடித்து, தடித்த நைலான் நூலில் தைத்துக் காட்டினார். ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி சிரித்தோம்.

“சீட்ல ஏர்பேக் இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“பழைய வண்டிங்க. அதெல்லாம் இல்ல.”*

* பார்க்காமலே சொன்னேன். வாய் முந்திக்கொண்டது. அப்போது நான் நூலின் நிறத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன மெஷினையே வாங்கியிருந்தால் ஊசிகள் முறிந்து, பாதியில் விட்டு, ஊர் சிரித்திருக்கும். தங்கை தப்பித்திருப்பாள்.

4

மணி மூன்றரை. மாப்பிள்ளை பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடையில் கொடுக்கலாம் என்றது அவர்தான். தலையணை உறை வசனம் நான் தைத்தது. அவர் சிரித்தாரா என்பதும் இப்போது நினைவில்லை.

நினைவிருப்பது வேறு. உறையை மாட்டி முடித்த அன்று அவர் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “கடைக்காரன் தோத்தான் மச்சான்” என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். அந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றத்தான் இவ்வளவு நேரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள்:

அ) ஒன்றும் நடக்காது. பெரும்பாலான நாட்களில் யாருக்கும் ஒன்றும் நடப்பதில்லை. (மெஷின் கடையிலும் இப்படித்தான் நினைத்தேன்.)

ஆ) ‘ஓரத்துப் பைப்பிங் ஒரு இடத்துல கோணலா இருக்கும்மா, ஞாயித்துக்கிழமை வண்டியை விட்டுட்டுப் போ’ என்று சொல்லி, சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முடிவு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று புதன்கிழமை.

இ) பக்கவாட்டுச் சந்திலிருந்து ஒரு லாரி— 

இதை எழுத மாட்டேன். மணி மூன்று ஐம்பத்தெட்டு.

6

“சொல்லுண்ணா. கிளம்பிட்டிருக்கேன்.”

“சீட்ல உக்காந்துட்டியா?”

“ம். ஏன், இன்னொரு தடவை பாராட்டணுமா?”

“இறங்கு.”

“என்னது?”

“சாவியை எடுத்துட்டு, பாப்பாவையும் கூட்டிட்டு இறங்கும்மா. நான் தப்பு பண்ணிட்டேன். அந்த வண்டியை எடுக்காத.”

கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. பிறகு அவள் குரல் தள்ளிக் கேட்டது: “ஏங்க, அண்ணன் என்னமோ சொல்றான். நீங்களே பேசுங்க.”

போன் கைமாறியது.

“சொல்லுங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

சொன்னேன். மெஷின் கடையில் வாய் முந்திக்கொண்டது வரைக்கும் சொன்னேன். அதைக் கேட்டு அவர் சிரித்தாரா, திட்டினாரா, பேசாமல் இருந்தாரா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கும் ஒரு மாப்பிள்ளையோ மச்சானோ இருப்பார், அவரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் மறுபடியும் அவருக்கு வசனம் தைப்பேன்.

நான் உறையைக் கழற்றப் போக வேண்டும். கட்டிங் பிளேயர் கிடைத்துவிட்டது. லேபிளைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். அதை அவர் கையில் நான்தான் கொடுக்க வேண்டும்.