கதவைத் தட்டிய கை

நோல்வியாவின் கடையில் பலேயாதா வாங்குகிறவர்களுக்கு ஆறுதல் இலவசம். சூடான ரொட்டியில் பீன்ஸ் மசியலைத் தடவி மடித்துக் கையில் கொடுக்கும்போதே, இன்றைக்குச் சோர்ந்துபோகாதே, ஆண்டவர் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று எதையாவது சேர்த்துக் கொடுத்துவிடுவாள். ஆண்டவர் இருக்கட்டும், வெண்ணெய் கொஞ்சம் கூடப் போடு என்று பஸ் டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே இரண்டையும் கூடப் போடுவாள். கடையை எடுத்துவைத்ததும் சபையில் தளர்ந்துபோனவர்களின் வீடுகளுக்கு ஒரு நடை போய்வருவாள். வேலை போனவன், புருஷன் ஓடிப்போனவள், சர்க்கரை நோயில் காலை எடுத்தவர் என்று எல்லோருக்கும் அவளிடம் ஒரு சொல் இருந்தது. ஒரே ஒரு வாசலில்தான் வாய் வராது. அது ஒஸ்மினின் வாசல்.

ஒஸ்மின் கும்பலில் இருந்தவன். நோல்வியாவின் ஒரே மகன் மெல்வின் பஸ் கண்டக்டராக இருந்தான். அவனுடைய முதலாளி கும்பலுக்கு மாமூல் கொடுக்காமல் இழுத்தடித்தார், பலியானது மெல்வின். அன்று அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியவன் ஒஸ்மின். ஒரு நிமிஷம் வெளியே வா என்று கூப்பிட்ட குரல் மட்டும் அடுப்படியில் இருந்த அவளுக்குக் கேட்டது. வந்து பார்த்தபோது பாதி தின்ற ரொட்டி தட்டில் இருந்தது, மகன் இல்லை. சுட்டது வேறு யாரோ. கூப்பிட்டது இவன்.

கும்பலைவிட்டு உயிரோடு வெளியே வர எங்கள் குடியிருப்பில் ஒரே வழிதான் உண்டு, அது சபை. மனந்திரும்பிவிட்டேன் என்று சொல்பவனை விட்டுவிடுவார்கள். ஆனால் குடிக்கிறானா, புகைக்கிறானா, ஆராதனைக்கு ஒழுங்காகப் போகிறானா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கடவுள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறான் என்று தெரிந்தால் ஆள் காலி. ஊரையே அறுக்கிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படியொரு பக்தி.

ஒஸ்மின் சபைக்கு வந்தபோது, அவனைத் தினமும் போய்ப் பார்த்துத் திடப்படுத்தும் வேலையைப் போதகர் நோல்வியாவிடமே கொடுத்தார். நல்ல மனிதர்தான், இரக்கம் இருக்கிற அளவுக்கு யோசனை கிடையாது. அவள் மறுக்கவில்லை. தினமும் போய்க் கதவைத் தட்டுவாள். ஆராதனைக்கு வந்துவிடு என்று அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். சபை வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகொடுத்து வரவேற்பதும் அவள் பொறுப்பு. முதல் நாள் ஒஸ்மின் கையை நீட்டியபோது அவள் திரும்பி நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் வேதாகமத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டே உள்ளே வந்தான். இருவருக்கும் சங்கடம் மிச்சம்.

ஆண்டவர் தங்களை எப்படி மாற்றினார் என்று அவரவர் எழுந்து சொல்வதுதான் சாட்சிக் கூட்டம். ஒரு சனிக்கிழமை அதில் ஒஸ்மினை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவனுக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அழுதார்கள், சபையும் அழுதது. ஒஸ்மின் மைக்கை வாங்கினான்.

"எனக்குள்ள ஒண்ணும் நடக்கல. அழுகை வரல. இல்லாததைச் சொல்ல மாட்டேன்" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

போதகர் அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார். பயனில்லை. ஒலிபெருக்கி தெருவைப் பார்த்தபடி இருந்தது, தெருவே கேட்டுவிட்டது.

மறுநாள் காலை பூனைக்கண்ணன் கடைக்கு வந்தான். கும்பலில் இப்போது அவன் வைத்ததுதான் சட்டம். சின்ன வயதில் நோல்வியாவிடம் கடன் சொல்லித் தின்று வளர்ந்தவன். பாதி பலேயாதாவைத் தின்றுவிட்டுத்தான் பேச்சை எடுத்தான்.

"அக்கா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதுவும் அவனுக்காகச் சொல்லவே மாட்டீங்க. அதான் உங்ககிட்ட கேக்கறேன். அவன் நெஜமாவே ஆண்டவர்கிட்ட வந்துட்டானா, இல்ல எங்களுக்குக் காது குத்தறானா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியாது. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. பாதி ரொட்டி கிடந்த அந்தத் தட்டு கண்முன்னால் வந்தது. அவளுக்கு ஆசையாகவே இருந்தது. அந்த ஆசையின் ருசி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கல்லில் கிடந்த ரொட்டி கருகியது.

"அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாதா என்ன? உங்ககூட வளந்தவன்தானே" என்றாள். "நேத்து ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டிருந்தா நீயே ஆமென் போட்டிருப்ப. உயிர் போகும்னு தெரிஞ்சும் ஆண்டவர் முன்னாடி பொய் சொல்ல மாட்டேன்னு நின்னான். அவரு இருக்காருன்னு நம்பாதவன் அப்படி நிப்பானா?"

இதைச் சொன்னபோதுதான் அவளுக்கே இது தெரிந்தது. தெரிந்ததும் தன் வாய்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பூனைக்கண்ணன் மிச்சத்தை மென்று முடித்தான்.

"அப்ப நீங்கதான் ஜாமீன். இனிமே அவன் ஒரு ஆராதனைக்கு வரலன்னா, மொதல்ல உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். இன்னிக்கு சாயங்காலமும் பாப்போம்" என்றான். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் கடையை அப்படியே போட்டுவிட்டு ஒஸ்மின் வீட்டுக்குப் போனாள். அவன் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். இங்கே இருந்தால் இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்குச் சாவுதான், எல்லைப் பக்கம் போகிறேன், இனி நீங்கள் வந்து கதவைத் தட்ட வேண்டியதில்லை என்றான்.

ஜாமீன் விஷயத்தைச் சொன்னால் அவன் போகமாட்டான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் கழுத்தில் கயிறு கட்டி அவனைச் சபைக்கு இழுத்துவர ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கயிற்றின் இன்னொரு முனையைத் தானும் பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று தேடினாள். கடையில் ரொட்டியோடு மடித்துக் கொடுத்த சொற்கள் எல்லாம் ஊசிப்போயிருந்தன. கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"உனக்குச் சொல்ல இன்னிக்கு என்கிட்ட வசனம் இல்ல, ஒஸ்மின். உன் கதவைத் தட்டறப்பெல்லாம் அன்னிக்கு நீ என் கதவைத் தட்டின சத்தந்தான் எனக்குக் கேக்குது. உன்னைப் பாத்தா வயிறு எரியுது. ஒரு நாள்கூட நான் மனசார வந்ததில்ல. ஆனா வந்தேன். உள்ள ஒண்ணுமே இல்லாம ஆண்டவருக்காகன்னு வர்றது நீ மட்டும்னு நெனச்சுக்காத."

அவன் பையை மூடாமல் நின்றான். தரையைப் பார்த்தபடி பேசினான்.

"சாப்பிட்டுட்டு வரவான்னு மெல்வின் கேட்டான், சகோதரி. வந்து சாப்பிட்டுக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

இத்தனை காலமும் இது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம். வாளியைவிட்டு எழுந்தாள். சாயங்காலம் ஆராதனை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் சபைக்கு எதிர்க்கடையில் பூனைக்கண்ணன் ஆட்களோடு உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். நோல்வியா வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கைகொடுத்தாள். கை சில்லிட்டிருக்கிறதே, காய்ச்சலா என்று ஒருத்தி கேட்டாள். அவள் ஒன்றும் வீராங்கனை இல்லை. ஜாமீன் விஷயத்தை ஒஸ்மினிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று நினைத்தாள். ஒஸ்மினைத் திட்டினாள், போதகரைத் திட்டினாள், காலையில் சும்மா இருக்காத தன் வாயைத் திட்டினாள். நடுவில் ஜெபமும் செய்தாள். உள்ளே முதல் பாட்டு முடிந்து இரண்டாவது பாட்டு தொடங்கியது. எதிர்க்கடையில் ஒருவன் பாட்டிலை வைத்துவிட்டு எழுந்தான்.

அப்போது தெருமுனையில் ஒஸ்மின் தெரிந்தான். தலையை நனைத்து வாரியிருந்தான். தோளில் பை இல்லை. வழக்கம்போல வேதாகமத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் உள்ளே போகப் பார்த்தான்.

நோல்வியா கையை நீட்டினாள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறி, வேதாகமத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையைக் கொடுத்தான். தடித்த விரல்கள், காய்ப்பேறிய முட்டிகள். அவள் வீட்டுக் கதவைத் தட்டிய கை அதுதான். மன்னித்துவிட்டாள் என்று யாரும் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்லிவிட வேண்டாம். வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பிடித்தாள், அவ்வளவுதான். எதிர்க்கடையில் எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். நாளைக்கும் அவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். நாளைக்கும் அவள் போய் அந்தக் கதவைத் தட்ட வேண்டும்.