கடைசி அறை

ஜெரால்ட் கடைசி அறைக் கதவையும் தட்டிவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றினார். இன்னும் சரியாக வெளுக்கவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"ரபி எந்திரிச்சிட்டான். மத்தவனுங்க பொரண்டுகினு கீறானுங்க," என்றார். "ஒரு டீ போடேன்."

"சக்கர போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நீ போடாட்டி இன்னா, அசன் பாய் கடையில போட்டுக் குடுப்பாங்க."

பால் பொங்குகிற நேரம்தான். சுகிர்தா தம்ளரோடு வந்தபோது அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைசாய்ந்து இருந்தார். "இன்னாங்க," என்றாள். தோளைத் தொட்டாள். வலது கை விரல்கள் மடங்கியே இருந்தன, தட்ட வேண்டிய கதவு இன்னொன்று மிச்சமிருப்பதைப் போல.

வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லுக்குப் போகிற ஒடிசாப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். நேரம் தவறினால் கேட் சாத்திவிடுவார்கள். அதே மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஜெரால்ட். அதனால் தினமும் அவரே எழுப்பினார். சேர்ந்தாற்போல் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.

கடைசி அறையில் பிகாஷ் இருந்தான். மில்லில் அடிபட்டு இறந்தான். உடல் ஊருக்குப் போன பிறகு அந்த அறை பூட்டிக்கிடந்தது. அதையும் தட்டிவிட்டுத்தான் வருவார்.

"அங்க யாரு கீறா, தட்டுறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வரிசையா வர்ற கை. அங்க மட்டும் நிக்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகு அவளும், படுத்தபடியே, அந்தத் தட்டலுக்குப் பின்னால் ஏதாவது அசைகிறதா என்று காது கொடுக்கத் தொடங்கினாள்.

மதியம் சவப்பெட்டி வந்துவிட்டது. வழிதான் இல்லை. ஏரி நிரம்பி, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை முழுக்கத் தண்ணீர். வண்டி போகாது என்று டிரைவர் திரும்பிவிட்டான். தோள் வேண்டும். பிள்ளையில்லாத வீடு. தெருவில் இருந்ததெல்லாம் வயசானவர்கள். இளவட்டங்கள் ஷிப்டிலும் சென்னையிலுமாக இருந்தார்கள்.

மில்லிலிருந்து பாதி வேலையில் வந்த ரபியும் கூட்டாளிகளும் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு மதிலுக்கு வெளியே மழையில் நின்றார்கள். உள்ளே வரவில்லை. போன வருஷம் எதிர்வீட்டு ஆரோக்கியமேரி சாவுக்கு வந்தபோது தெரு அவர்களை விரட்டியிருந்தது.

சுகிர்தா வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். "ரபி, உள்ள வாங்கப்பா."

"அம்மா, நாங்க தூக்கலாமா?" என்றான் ரபி.

ஜெரால்டின் தம்பி பீட்டர் குறுக்கே வந்தான்.

"இன்னா அண்ணி இது? நம்ம தெருப் பொணத்த நம்ம தெரு ஆளுங்கதான் தூக்கணும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்டித்தான். ஊடு வாடகைக்கு உட்டா ஒறவாயிடுவானுங்களா?"

"ஆளு எங்க, பீட்டரு? காட்டு."

"சாயங்காலம் ஷிப்டு முடிச்சிக்கினு பசங்க வந்துடுவாங்க."

"தண்ணி ஏறிக்கினே கீது. சாயங்காலம் வந்து எங்க பொதைப்பே? உங்கண்ணன ரோட்லயே வெச்சிருப்பியா?"

பீட்டர் தெருமுனையைப் பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க தாத்தா நெலத்துல கூலிக்குப் போன காலத்துல, நம்ம பொணத்த ஊர்ல எவனும் தொட மாட்டான். அதான் நாமளே தூக்கிக்கினோம். இன்னிக்குத் தொட வர்றவன இன்னாத்துக்குத் தள்ளுறே?"

கூடத்தில் யாரோ இருமினார்கள். தாவீது உபதேசியார் வேதாகமத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்.

"ஜெபம் முடிஞ்சிது. தூக்கறவங்க தூக்குங்க. மழ நமக்காவ நிக்காது."

ரபி ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெட்டியின் பின்முனையைப் பிடித்தான். மற்றவர்களும் பிடித்தார்கள். முன்முனை ஒன்று ஆளில்லாமல் இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பீட்டர் போய் அதில் தோளைக் கொடுத்தான்.

டீக்கடை அசன் முகைதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். மூங்கில் கழியால் மதகின் விளிம்பைத் தேடித் தேடிக் காட்டினார். உபதேசியார் பாட, பின்னால் வந்த பெண்களும் நனைந்த குரலில் பாடினார்கள். தண்ணீர் தொடைக்கு ஏறியது. மதகருகே பெட்டி ஒரு பக்கம் சரிந்தது.

"ராம் நாம்!" என்று ரபி அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"சத்ய ஹே!" என்றார்கள் மற்றவர்கள். பெட்டி நிமிர்ந்தது.

பாட்டு நின்றுவிட்டது. ரபி நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, தப்பு. எங்க ஊர்ல சாவுக்கு இப்டித்தான் சொல்லும். வாய் தானா வந்துச்சி."

சுகிர்தா பீட்டரைப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"லெஃப்டுல பள்ளம் கீது," என்றான். "பாத்து வா."

உபதேசியார் விட்ட அடியிலிருந்து மறுபடி எடுத்தார்.

தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கிடந்தது. பையன்கள் இறங்கி ஹெல்மெட்டால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பீட்டர் ஒருவனிடம் கையை நீட்டினான். அவன் தன் ஹெல்மெட்டைக் கொடுத்தான். பெட்டி இறங்கும்வரை அடியில் நீர் சுரந்துகொண்டேதான் இருந்தது. சுகிர்தா போட்ட முதல் பிடி மண் சேறாக விழுந்தது.

இரவு துணைக்குப் படுத்த பெண்கள் அசந்து தூங்கினார்கள். அவள் தூங்கினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. விடியும் முன் ஓசை கேட்டது. சேர்ந்தாற்போல் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.

பக்கத்தில் கை வைத்தாள். பாய் காலியாக இருந்தது. வாசலில் அவர் கழற்றிய செருப்பு கழற்றிய இடத்திலேயே இருந்தது. ஓசை அடுத்த கதவுக்கு நகர்ந்தது. உள்ளே யாரோ முனகி எழுந்தார்கள். அதற்கு அடுத்த கதவு.

சன்னலுக்குப் போனாள். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ரபி போய்க்கொண்டிருந்தான். விரல் முட்டியால் தட்டினான், அவரைப் போலவே. இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவன் நிற்காமல் பூட்டுத் தொங்கிய கடைசி அறைக்கும் போனான்.

இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

சுகிர்தா சன்னல் கம்பியைப் பிடித்தபடி காது கொடுத்தாள். எப்போதும் போல, உள்ளே எதுவும் அசையவில்லை.