ஹில்டாவுக்கு ஒரு பாட்டு, இரண்டு வேகம்

1
என் கலியாணத்துக்கு வாசித்த பாட்டு சாவுக்காகப் போட்டது. இந்தக் கதையை எழுத வேறு காரணம் இல்லை.

2
முதல் தொடக்கம்: 'இராயபுரத்துக் கடற்காற்றில் ஆர்கன் இசை மிதந்து...' வேண்டாம். அது காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்கன். முன்வரிசைக்குப் பாட்டைவிட மிதிகட்டைச் சத்தம்தான் கேட்கும்.

இரண்டாவது: பாஸ்கல் அண்ணன் ஹார்பரில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்கன். பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியதும் பழைய பாட்டெல்லாம் அலமாரிக்குள் போயிற்று. தேவைப்பட்ட பாட்டுக்கு அவரே மெட்டுப் போட்டார். இது இருக்கட்டும்.

3
1968இல் அவர் மனைவி ஹில்டாவுக்கு டைபாய்டு. டாக்டர் கைவிரித்துவிட்டார். தமிழில் நல்ல அடக்கப் பாட்டு இல்லையே என்று இரண்டே நாளில் ஒன்று போட்டு முடித்தார். (இங்கே அவரை அழவைத்து ஒரு பத்தி இருந்தது. அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.)

ஹில்டா அக்கா பிழைத்துக்கொண்டாள். பாட்டு எழுதிய நோட்டும் அவள் கையில் அகப்பட்டது.

4
இந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. ஆனால் அக்காவின் வாய் எனக்குத் தெரியும்.

"இன்னாய்யா இது? எம் பேரு போட்டுகீது."

"பாட்டு."

"நான் பூட்டா வாசிக்கவா? எனக்குக் காது கேக்கசொல்லவே வாசி."

"சாவுப் பாட்ட சும்மா வாசிச்சா, யாரு பூட்டாங்கன்னு கேப்பாங்க ஹில்டா."

"அப்போ கலியாணத்துல வாசி."

வாசித்தார். அதே மெட்டு, இரண்டு மடங்கு வேகம், புதிய வரிகள்.* பேட்டையே அதற்குத்தான் மாலை மாற்றியது. ஒவ்வொரு கலியாணத்திலும் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவாள்.

* இசை தெரிந்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். நான் பாடிப் பார்த்துவிட்டேன்.

5
1975. ஹில்டா அக்கா மாரடைப்பில் போய்விட்டாள். பாடகர் குழுவில் முதல் குரல் என்னுடையது. அடக்கப் பூசைக்குச் சற்று முன் பாஸ்கல் அண்ணன் அந்த நோட்டை என்னிடம் நீட்டினார். மேலே 'ஹில்டா அடக்கத்துக்கு' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பொறாமை. எனக்கு யாரும் பாட்டுப் போட்டதில்லை.

"மெதுவா வாசிச்சா நான் அவளுக்குப் போட்டது. வேகமா வாசிச்சா அவ கேட்டுகினு இருந்தது. எப்டி வாசிக்கட்டும், ஃப்ளோரா?"

மூன்று முடிவுகள் எழுதினேன். மெதுவாக வாசித்தார். வேகமாக வாசித்தார். நான் அவரிடம்...

மூன்றையும் கிழித்துவிட்டேன். அன்று நான் சொன்னது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை. சவப்பெட்டி கோயில் வாசலுக்கு வந்துவிட்டது. அவர் கால் மிதிகட்டையில் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், சீக்கிரம்.